ஆட்சேபனை இல்லை: ஓர் அரசாணையின் இலக்கணம்

எங்கள் வீட்டில் இலக்கியத்துக்கு முன்பே நுழைந்த எழுத்து வடிவம் ஜி.ஓ. அப்பா அரசு அலுவலகத்தில் உதவியாளர். மாலையில் அவர் நண்பர்கள் வந்தால் முதல் கேள்வியே, “ஜி.ஓ. போட்டாச்சா?” என்பதுதான். அகவிலைப்படி ஜி.ஓ., இடமாறுதல் ஜி.ஓ., பென்ஷன் ஜி.ஓ. கையில் கிடைத்ததும் அப்பா கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்க ஆரம்பிப்பார். “மேல இருக்கறதெல்லாம் கதை. ‘ஆணை’ன்னு போட்டிருக்கு பாரு, அதுக்குக் கீழதான் விஷயம்” என்பார்.

எனக்கு அந்த மேலே இருக்கும் கதைதான் பிடித்திருந்தது. இன்றும் வாட்ஸப்பில் ஓர் அரசாணை வந்தால் அதன் வடிவத்தைப் பாருங்கள். முதலில் ‘சுருக்கம்’. அடுத்து துறை, எண், நாள். பிறகு ‘படிக்கப்பட்டவை’ என்று பழைய கடிதங்களின் பட்டியல். அதற்குப் பின் ‘ஆணை’. முடிவில் ‘ஆளுநரின் ஆணைப்படி’, ‘பெறுநர்’. இந்தச் சட்டகம் நமக்குச் சுதந்திரத்துக்குப் பிறகு வந்ததில்லை. சென்னை மாகாண அரசு நூறு வருஷத்துக்கு முன்பு ஆங்கிலத்தில் எழுதிய ஆணைகளின் உடம்பு இது. நாம் உள்ளே தமிழை ஊற்றிக்கொண்டோம், அவ்வளவுதான்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இந்தப் பழைய ஆணைகள் துறை வாரியாக, வருஷ வாரியாகக் கட்டுக் கட்டாக இருக்கின்றன. வரலாற்று ஆய்வாளர்கள் அவற்றைத் தகவலுக்காகப் புரட்டுகிறார்கள். அது அவர்கள் வேலை. ஒரு கவிதையையோ சிறுகதையையோ படிப்பதுபோல, எந்தச் சொல் ஏன் இங்கே வந்தது, எந்தச் சொல் ஏன் வரவில்லை என்று கேட்டு அவற்றைப் படித்தால் என்ன கிடைக்கும்? ஒரே ஓர் ஆணையை வைத்து முயன்று பார்க்கிறேன்.

*

அரசாணை எண் 2660, உள்ளாட்சி மற்றும் நகராட்சித் துறை, நாள் 25 செப்டம்பர் 1924. இணையத்தில் இந்த எண்ணை நீங்கள் பார்த்திருக்கலாம். ஒவ்வொரு வருஷமும் யாராவது பகிர்வார்கள். கீழே இரண்டு வகை கமெண்ட் வரும். ஒன்று, ‘தீண்டாமையை அன்றைக்கே ஒழித்த ஆணை.’ இன்னொன்று, ‘வெறும் காகிதம்.’ இரண்டு கூட்டமும் ஆணையைப் படித்த மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

பின்னணி இது. 1919 சீர்திருத்தத்துக்குப் பிறகு மாகாணத்தில் இரட்டையாட்சி. உள்ளாட்சி, கல்வி, பொதுச் சுகாதாரம் போன்றவை இந்திய அமைச்சர்கள் கைக்கு வந்தன. 1920ல் மாவட்ட நகராட்சிகள் சட்டம், உள்ளாட்சி வாரியங்கள் சட்டம், கிராமப் பஞ்சாயத்துச் சட்டம் என்று வரிசையாக வந்தன. சாலை, தெரு, குளம், கிணறு, சத்திரம், சந்தை ஆகியவற்றைப் பராமரிக்கும் பொறுப்பு இந்த அமைப்புகளுடையது. வரி எல்லோரிடமும் வாங்கப்பட்டது. ஆனால் அந்த வரியில் போட்ட தெருவில் எல்லோரும் நடக்க முடியாது. வெட்டிய கிணற்றில் எல்லோரும் இறைக்க முடியாது.

சட்டமன்றத்தில் நியமன உறுப்பினராக இருந்த இரட்டைமலை சீனிவாசன் 1924 ஆகஸ்டில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அவை ஏற்றது. அதை அரசின் கொள்கையாக அறிவித்து அடுத்த மாதமே வந்ததுதான் 2660.

இனி வாசகம். ஆணையின் சாரத்தை என் வார்த்தைகளில் சொல்கிறேன். எந்த வகுப்பையோ சமூகத்தையோ சேர்ந்த எவரும் எந்த ஊரிலும் உள்ள பொதுச் சாலை, தெரு, பாதை வழியே நடப்பதற்கு ஆட்சேபனை இல்லை. அதேபோல, பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் பொது இடங்களை, இந்நாட்டுச் சாதி இந்துக்கள் எந்த அளவுக்கு, எந்த நிபந்தனைகளில் பயன்படுத்துகிறார்களோ, அதே அளவில் பயன்படுத்தவும் ஆட்சேபனை இல்லை.

கொஞ்சம் நிறுத்துங்கள். யாருக்கு ஆட்சேபனை இல்லை?

அரசுக்கு. ஆனால் இத்தனை காலமும் ஆட்சேபித்தது அரசா? கிணற்றடியில் நின்று குடத்தைத் தள்ளிவிட்டது கலெக்டரா? ஆட்சேபித்தது ஊர். அந்த ஊர் இந்த வாக்கியத்தில் எங்கேயும் கிடையாது. ஆட்சேபிக்காதவர் தனக்கு ஆட்சேபனை இல்லை என்கிறார். ஆட்சேபித்தவரிடம் வாக்கியம் எதையும் கேட்கவில்லை. நம் ஊரில் இந்தக் குரல் நமக்கு ரொம்பப் பழக்கம். “எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபனை இல்லீங்க, ஊர்தான் ஒத்துக்க மாட்டேங்குது.” சமாதானப் பேச்சுவார்த்தை என்ற பெயரில் நடக்கும் எந்தக் கூட்டத்திலும் இந்த வசனத்தைக் கேட்கலாம்.

இரண்டாவது பகுதி இன்னும் நுட்பமானது. அங்கே ‘சாதி இந்துக்கள்’ வருகிறார்கள். எப்படி வருகிறார்கள்? அளவுகோலாக. அவர்கள் பயன்படுத்தும் அளவு எதுவோ அதுவே உரிமையின் அளவு. தடுத்தவர், வாக்கியத்துக்குள் நுழையும்போது இலட்சிய உதாரணமாக மாறிவிடுகிறார். குற்றம் சாட்டப்படவேண்டிய இடத்தில் ஒப்பீட்டுக்குரியவராக உட்கார்ந்திருக்கிறார். ஒரு நாவலாசிரியர் இப்படி எழுதியிருந்தால் இதைக் கூர்மையான அங்கதம் என்று சொல்லியிருப்போம். இங்கே அது அலுவலக வழக்கம்.

மூன்றாவதாக, ‘பொது’ என்ற சொல். ஆணை முழுக்க இந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது. தெரு பொதுவென்றால் நடக்கலாம். ஆனால் இந்தத் தெரு பொதுவா? இந்தக் கிணறு போர்டு கிணறா, இல்லை ஊரார் சேர்ந்து வெட்டினதா? ஆணை வந்த சில வாரங்களில் பாலக்காட்டுக் கல்பாத்தியில் இது சோதிக்கப்பட்டது. மலபார் அப்போது சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். தேர்த் திருவிழாவின்போது அக்கிரகாரத் தெருவில் நுழைந்த ஈழவர்கள் தாக்கப்பட்டார்கள். பக்கத்துத் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அதே வருஷம் மார்ச்சில் தொடங்கிய வைக்கம் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. அங்கே ஆணையே இல்லை, இங்கே ஆணை இருந்தது. அடி இரண்டு இடத்திலும் விழுந்தது.

*

அப்படியானால் ‘வெறும் காகிதம்’ என்பவர்கள் சொல்வது சரியா? அவசரப்படக் கூடாது. ஓர் ஆணையைத் தனியாகப் படித்தால் பாதிதான் புரியும். முன்னும் பின்னும் இருப்பவற்றோடு சேர்த்துப் படிக்கணும்.

முன்னால் இருப்பது 1922 மார்ச் 25ஆம் தேதி வந்த 817ஆம் எண் ஆணை. எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் விளைவு. அரசு ஆவணங்களில் ‘பறையர்’, ‘பஞ்சமர்’ என்ற பெயர்களுக்குப் பதிலாக ‘ஆதிதிராவிடர்’, ‘ஆதிஆந்திரர்’ என்று எழுதவேண்டும் என்றது அது. அந்த ஆணைக்கும் வெகு முன்பே பெயருக்கான சண்டை தொடங்கிவிட்டது. அயோத்திதாசர் 1907ல் தொடங்கிய பத்திரிகைக்குத் ‘தமிழன்’ என்று பெயர் வைத்ததும், இரட்டைமலை சீனிவாசன் 1893ல் தொடங்கிய பத்திரிகைக்குப் ‘பறையன்’ என்றே பெயர் வைத்ததும் அதே சண்டையின் இரு வேறு உத்திகள். 817 ஒரு சொல்லை மாற்றியது. அது குமாஸ்தாவின் பேனாவைக் கட்டுப்படுத்தும் ஆணை. அதை மீறினால் மேலதிகாரி கேட்பார். அதனால் அது செல்லுபடியாக முடிந்தது.

2660 பேனாவை விட்டுத் தெருவுக்கு வருகிறது. தெருவில் குமாஸ்தா இல்லை. அங்கே ஆணையை மீறினால் யார் கேட்பது? அதற்கு அந்த வாசகத்துக்குள் பதில் இல்லை.

பின்னால் இருப்பது 1926. ஆர். வீரையனின் முயற்சியால் உள்ளாட்சிச் சட்டம் திருத்தப்பட்டு, பொதுத் தெருவையும் கிணற்றையும் பயன்படுத்தவிடாமல் தடுப்பது தண்டனைக்குரியதானது. என் வாசிப்பில் முக்கியமான திருப்பம் இதுதான். முதல் தடவையாகத் ‘தடுப்பவர்’ வாக்கியத்தின் எழுவாயாகிறார். நடப்பவருக்கு ‘ஆட்சேபனை இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்த மொழி, தடுப்பவரைப் பார்த்துப் பேசத் தொடங்குகிறது. அந்தச் சின்ன இலக்கண மாற்றத்துக்கு இரண்டு வருஷம் ஆனது. 1938ல் எம்.சி. ராஜா கொண்டுவந்து நிறைவேறிய சமூக உரிமைத் தடைகளை நீக்கும் சட்டம் இதே வரிசையில் வருவது.

அதே காலத்தில் அரசின் இன்னொரு கை என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் பார்க்கணும். தொழிலாளர் துறை ஆதிதிராவிடர் குடியிருப்புகளில் தனிக் கிணறுகள் வெட்டிக்கொண்டிருந்தது. தாகத்துக்குத் தண்ணீர் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு துறையின் ஆணை ‘எல்லாக் கிணறும் எல்லோருக்கும்’ என்கிறது. இன்னொரு துறையின் மண்வெட்டி ‘உனக்கு உன் கிணறு’ என்கிறது. இந்த இரண்டில் ஊர் எந்த வாக்கியத்தைப் புரிந்துகொண்டிருக்கும்?

*

தமிழில் ஜி.ஓ.வின் ஆத்மா ‘படு’ என்ற துணைவினைதான். ஆணையிடப்படுகிறது. அனுமதிக்கப்படுகிறது. கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். பேச்சுத் தமிழில் நாம் இப்படிப் பேசுவதில்லை. ‘சோறு என்னால் சாப்பிடப்பட்டது’ என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் நம் பேச்சில் ‘படு’ இல்லாமலும் இல்லை. அடிபட்டான், அவமானப்பட்டான், கஷ்டப்பட்டான். கவனியுங்கள், ‘அடிபட்டான்’ என்பதிலும் அடித்தவன் இல்லை. ஆணை போடுகிறவரின் மொழியும் அடிவாங்குகிறவரின் மொழியும் ஒரே வினையில் வந்து சந்திக்கின்றன. முதலாமவர் பொறுப்பை மறைக்க அதைப் பயன்படுத்துகிறார். இரண்டாமவர் பெயர் சொல்லப் பயந்து பயன்படுத்துகிறார்.

2022 டிசம்பரில் வேங்கைவயல் செய்தியை எப்படிப் படித்தோம்? பட்டியல் சாதியினர் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் ‘கலக்கப்பட்டது’. யார் என்ற கேள்வி வழக்காகவும் சர்ச்சையாகவும் நீண்டது. தண்ணீர், பொது, செயப்பாட்டுவினை. நூறு வருஷத்துக்கு முந்தைய அதே மூன்று சொற்கள்.

நான் இதைச் சொல்வது ஆணைகளைக் கேலி செய்வதற்காக இல்லை. பாமாவின் ‘கருக்கு’ 1992ல் வெளிவந்தது. அதில் ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தை நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு தெருவில் வரும் காட்சி நம்மில் பலருக்கு நினைவிருக்கும். முதலில் சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. விஷயம் தெரிந்த பிறகு சிரிப்பு போய்விடுகிறது. அந்தப் பெரியவர் தெருவில் நடக்கிறார். யாரும் வழிமறிக்கவில்லை. 2660இன் கண்ணுக்கு அங்கே ஒரு பிரச்சினையும் இல்லை. கால் போகலாம் என்று ஆணை சொன்னது. கை எப்படிப் போகவேண்டும் என்பதைத் தெருவே தீர்மானிக்கிறது. ஆணை நிற்கும் இடத்திலிருந்துதான் பாமாவின் எழுத்து தொடங்குகிறது. ஆனால் கால் போகலாம் என்பது எழுத்தில் பதிவானதும் சும்மா இல்லை. 1926இன் சட்டத்துக்கு அது படிக்கட்டு. பிடித்து நிற்க ஒரு வாக்கியமாவது வேண்டும் என்று இரட்டைமலை சீனிவாசனுக்குத் தெரிந்திருந்தது.

அதனால்தான் அவர் 1939ல் வெளியிட்ட ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ எனக்கு முக்கியமாகப் படுகிறது. மெல்லிய புத்தகம். தன் வாழ்க்கையைச் சுருக்கிச் சொல்லும் ஒருவர், அதில் ஒரு சட்டமன்றத் தீர்மானத்துக்கும் இடம் வைத்திருக்கிறார். நம் சுயசரிதைகளில் காதல் வரும், வறுமை வரும், குருநாதர் வருவார். இவருக்குத் தெருவில் நடப்பதற்கான வாசகம் தன் வாழ்க்கைக் கதையின் பகுதி.

அந்தக் காலத்தில் அரசின் அறிவிப்பு கிராமத்துக்குப் போனது பெரும்பாலும் தண்டோரா வழியாக. பறையை அடித்துச் சொன்னவர் வெட்டியான். எந்தத் தெருவில் தனக்கு நடக்க இடமில்லையோ அந்தத் தெருவுக்கு அரசின் குரலைச் சுமந்துபோனவர் அவர். தண்டோரா போடும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு கைவிடச் சொன்னது 2022ல்தான்.

அப்பா கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார் என்றேன். கடைசிப் பக்கத்தில் இருப்பது பெறுநர் பட்டியல். கலெக்டர்கள், துறைத் தலைவர்கள், உள்ளாட்சித் தலைவர்கள். யாருடைய காலுக்காக ஆணை போடப்பட்டதோ அவர் பெயர் அந்தப் பட்டியலில் வராது. அவருக்கு நகல் போகாது. இரட்டைமலை சீனிவாசன் தன் புத்தகத்தில் செய்தது, விட்டுப்போன அந்தப் பெயருக்கு ஒரு நகல் அனுப்பியதுதான். அடுத்த தடவை யாராவது 2660ஐப் பகிர்ந்தால், கொண்டாடுவதற்கும் திட்டுவதற்கும் முன்னால் அந்த நகலை ஒருமுறை படிச்சுப் பார்க்கலாம்.