வீரத்தின் அளவுகோல்

சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேறத் தொடங்கிய 1988 மே மாதத்தில்தான் 'ராம்போ 3' திரைக்கு வந்தது. சில்வெஸ்டர் ஸ்டாலோன் அதில் முஜாஹிதீன்களோடு தோள் சேர்ந்து போரிடுகிறார். ஆறே ஆண்டுகளில், ஜேம்ஸ் கேமரூனின் 'ட்ரூ லைஸ்' (1994) படத்தில் அர்னால்டு சுவார்ஸ்நேகர் வீழ்த்துவது, ஜிஹாதின் பெயரைச் சூடிய ஓர் அரபுக் குழுவை. இடையே, 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்துபோயிருந்தது. நாயகனின் தோளும் துப்பாக்கியும் அப்படியே இருக்க, எதிரியின் இடத்துக்கு மட்டும் வேறொரு சமூகம் கொண்டுவரப்பட்டது.

'ட்ரூ லைஸ்' படத்தின் ஒரு காட்சி நம் கவனத்துக்குரியது. அக்குழுவின் தலைவன் ஒளிப்பதிவுக் கருவியின் முன் நின்று, அமெரிக்கக் குண்டுகளுக்குத் தன் மக்களில் பெண்களும் குழந்தைகளும் பலியானதைச் சொல்கிறான். அவன் பேசிக்கொண்டிருக்கையில் கருவியின் பேட்டரி தீர்ந்துவிடுகிறது. பார்ப்பவர்கள் சிரிக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. அவன் செய்யத் துணியும் கொடுமைக்கு எவ்வகை நியாயமும் இல்லை. ஆயினும், மாண்ட குழந்தைகளைப் பற்றிய பேச்சு நகைப்புக்கு இடமாவதை நாம் எளிதில் கடந்துவிடலாகாது. எதிரிக்கும் துயரம் உண்டென ஒப்புக்கொண்டால் நாயகனின் கை தயங்கும். சாகசப் படம் அத்தயக்கத்தைத் தாங்காது.

நமக்கும் ஒரு ராம்போ வேண்டும் என்னும் ஏக்கம் முஸ்லிம் உலகில் இல்லாமலில்லை. 2003இல் இராக்கில் அமெரிக்கப் படையினர் துருக்கிய வீரர்களின் தலையைச் சாக்கால் மூடி இழிவுபடுத்திய நிகழ்வோடு தொடங்கும் 'ஓநாய்களின் பள்ளத்தாக்கு: இராக்' (2006) என்னும் துருக்கியப் படம் அதற்குத் தீனியிட்டது. அந்த அவமானம் மெய்யானது. ஆனால் கைதிகளின் உடலுறுப்புகளைத் திருடும் மருத்துவனை யூதனாகப் படைத்த அப்படம், நம்மீது எறியப்பட்ட சேற்றையே அள்ளிப் பிறர்மீது எறிந்தது.

முஸ்தபா அக்காதின் 'லயன் ஆஃப் தி டெஸர்ட்' (1981) வேறோர் அளவுகோலைக் காட்டுகிறது. கடாஃபி அரசின் பணத்தில் உருவானது என்னும் குறை அதற்கு உண்டு. ஆயினும், ஆன்டனி குயின் ஏற்ற உமர் முக்தார் குர்ஆன் கற்பிக்கும் முதியவர். அகப்பட்ட இளம் இத்தாலிய அதிகாரியைக் கொல்லாமல், அவன் நாட்டுக் கொடியையும் கையில் கொடுத்து அனுப்புகிறார். 1931இல் தூக்குமேடையில் முடிந்த அவ்வாழ்வு, தோல்வியாக நம் நெஞ்சில் தங்குவதில்லை.

பிறரை வீழ்த்துபவரன்று, சினம் மூளும்போது தம்மை அடக்குபவரே வலியவர் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. நம் இளைஞர்கள் திரையில் யாரைக் கண்டு கைதட்டுகிறார்கள் என்பதை நாம் அந்த அளவுகோலால் அளக்க வேண்டும்; அந்த நாயகன் நம் பெயரைத் தாங்கியிருக்கும்போது இன்னும் கண்டிப்பாக.