எடை ஏறினால் போதுமா?

அங்கன்வாடிப் பதிவேட்டில் பிள்ளையின் எடை ஏறினால் வெற்றி. வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் மழலையருக்கான உணவுக் கல்வி பெரும்பாலும் இந்த ஒற்றைக் கணக்கில்தான் நிற்கிறது. அது போதாது என்பதற்கான சான்று வேலூரிலேயே இருக்கிறது.

1969 முதல் 1973 வரை வேலூர் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளை கிறித்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவர்கள் பதிவுசெய்து, வளர வளர அளந்துவந்தார்கள். அவர்களில் 2,218 பேரை 26 முதல் 32 வயதுக்குள் மறுபடி சோதித்தார்கள். சர்க்கரை நோயும் அதற்கு முந்தைய நிலையும் யாரிடம் கூடுதலாக இருந்தன? சிறுவயதில் மெலிந்திருந்து, பின்னர் பெரியவர்களாவதற்குள் விறுவிறுவென எடை ஏறியவர்களிடம். இது உணவுக் கல்வியைச் சோதித்த ஆய்வு அல்ல. ஆனால் "சாப்பிடு, குண்டாகு" என்பதோடு பாடத்தை முடித்துக்கொள்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை கிடைக்காது.

அங்கன்வாடியைக் குறைத்துச் சொல்லவில்லை. பல மாநிலங்கள் முட்டைக்கே தயங்கும்போது, இங்கே வாரம் மூன்று முட்டை தட்டில் விழுகிறது. புதிய காய் ஒன்றைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள எட்டுப் பத்து தடவையாவது நாக்கில் படவேண்டும். வீட்டில் ஒருமுறை துப்பினால் அத்தோடு விட்டுவிடுகிறோம். வரிசையாக உட்கார்ந்து, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் தின்னும் இடத்தில்தான் அந்தப் பழக்கம் ஏறுகிறது. சுவரில் ஒட்டிய காய்கனிப் படமும் கைதட்டிப் பாடும் பாட்டும் அதில் பாதிகூடச் செய்வதில்லை என்பது என் கணிப்பு.

சிக்கல் மதியத்துக்குப் பிறகு. இங்கே பல வீடுகளில் அம்மா விடியற்காலையிலேயே ஷூ கம்பெனி பஸ் ஏறிவிடுகிறார். ஊட்டுவது பாட்டியோ அக்காவோ. அழுதால் பத்து ரூபாய்ப் பாக்கெட். தாய்மாருக்கான ஊட்டச்சத்துக் கூட்டமோ பகலில்! 30 பெண்களுக்கு மேல் வேலைசெய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் இருக்கவேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டமே, 1976 திருத்தத்துக்குப் பிறகு, சொன்னது. வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைக்கும் பெண்களுக்கு அதுவும் இல்லை.

இன்னொன்றைப் பேசவே தயங்குகிறோம். இந்த வட்டாரத்தில் பல வீடுகளின் மலிவான புரதம், இரும்புச்சத்து மாட்டிறைச்சி. 2022 மே மாதம் ஆம்பூரில் நடக்கவிருந்த பிரியாணித் திருவிழாவில் அதற்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியது, மழையைக் காரணம் காட்டித் திருவிழா தள்ளிப்போனது. தன் வீட்டுச் சாப்பாட்டை வெளியே சொல்லக் கூசும் பிள்ளைக்கு எந்தச் சத்துப் பாடம் ஏறும்?

மாவட்ட நிர்வாகங்கள் மூன்று காரியம் செய்யலாம். ஊட்டச்சத்துக் கூட்டத்தைக் கம்பெனி விடும் நேரத்துக்கோ ஞாயிற்றுக்கிழமைக்கோ மாற்றுங்கள். வீடுகளில் வேகும் எல்லாவற்றையும் சுவர்ப் படத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கன்வாடியோடு மூடிவிடும் எடைப் பதிவேட்டைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, பத்தாம் வகுப்பு வரை தொடருங்கள்.