மாலைக்குப் பக்கத்தில் நின்ற சிறுமி

ராஜீவ் காந்தி கொலை வழக்கைப் பற்றிய 'தி ஹன்ட்' தொடரை நான் அம்மாவோடு உட்கார்ந்துதான் பார்த்தேன். எங்கள் வீடு திருநின்றவூரில். ஸ்ரீபெரும்புதூர் எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. எங்கள் தெருவில் பல பேர் அங்கேதான் கம்பெனி பஸ்ஸில் ஷிஃப்டுக்குப் போகிறார்கள். 1991 மே 21 இரவு அம்மாவுக்கு ஞாபகம், எனக்குக் கதை. தொடர் முடிந்ததும் போனில் அந்தப் பிரபலமான புகைப்படத்தை எடுத்துக் காட்டினேன். சந்தன மாலையோடு தணு நிற்கும் படம். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "பக்கத்துல நிக்குதே, அந்தப் புள்ள யாருடா?"

அந்தப் படத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒருமுறைகூட எனக்கு அந்தக் கேள்வி வந்ததில்லை.

அவள் ஒரு கட்சித் தொண்டரின் மகள். தலைவரிடம் கவிதை சொல்ல வந்தவள். தாயும் மகளும் அங்கேயே இறந்துபோனார்கள். படம் எடுத்த ஹரிபாபுவும் பிழைக்கவில்லை. கேமரா மட்டும் தப்பியது. அதிலிருந்த ஃபிலிம்தான் வழக்கின் முதல் பெரிய தடயம். புலனாய்வுக்குத் தேவைப்பட்டவள் மாலை வைத்திருந்தவள், அதனால் எல்லார் கண்ணும் அவளிடம் போனது. போலீஸ் அப்படிப் பார்ப்பது நியாயம். என் கேள்வி, நம் கலையும் ஏன் இத்தனை வருடமாகப் போலீஸ் மாதிரியே அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது.

சந்தோஷ் சிவனின் 'தி டெரரிஸ்ட்' கொல்லப்போகிறவளின் முகத்தை விட்டு நகராத படம். மல்லியின் மூச்சுகூட நமக்குக் கேட்கிறது. அவள் போய் நிற்கப்போகும் கூட்டத்தில் ஒருவரையும் நமக்குத் தெரியாது. ஆர்.கே. செல்வமணியின் 'குற்றப்பத்திரிகை' தணிக்கைச் சிக்கலில் வருடக்கணக்காகக் கிடந்து 2007இல் வந்தது. நாகேஷ் குக்குனூரின் 'தி ஹன்ட்' 2025இல் வந்தது. அதற்கு மூலம் அனிருத்ய மித்ரா என்ற பத்திரிகையாளரின் புத்தகம். பரபரப்பான தொடர்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வேட்டை என்று பெயர் வைத்துவிட்டால் கதை துரத்துகிறவர்களுக்கும் ஓடுகிறவர்களுக்கும் இடையில்தான் நடக்கும். செத்தவர்கள் முதல் எபிசோடோடு வேலை முடிந்து போய்விடுவார்கள்.

இன்னொரு பக்கம் பேரறிவாளனின் 'தூக்குக் கொட்டடியிலிருந்து ஒரு முறையீட்டு மடல்'. கல்லூரியில் அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. 1998இல் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. அடுத்த வருடமே உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரை விடுவித்தது. வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே பல வருடம் கழித்து, பேரறிவாளன் சொன்னதை முழுசாக எழுதவில்லை என்று ஒப்புக்கொண்டார். மகனுக்காக அற்புதம்மாள் ஏறி இறங்காத படி இல்லை. 2022 மே மாதம் பேரறிவாளனும், நவம்பர் 11 அன்று மற்ற ஆறு பேரும் விடுதலையானபோது நான் ஸ்டேட்டஸ் போட்டுக் கொண்டாடினேன். இன்றைக்கும் அதை அழிக்க மாட்டேன். மரண தண்டனைக்கு எதிராக இருப்பதில் எனக்குக் குழப்பம் இல்லை.

குழப்பம் வேறு இடத்தில். அதே வாரத்தில், அன்று குண்டுவெடிப்பில் விரல்களை இழந்த காவல் அதிகாரி அனுசுயா, விடுதலையை எதிர்த்துப் பேசினார். நான் அந்த வீடியோவைத் தள்ளிவிட்டுப் போனேன். அவர் சொன்னது எனக்கு வசதியாக இல்லை. செத்தவர்களின் துயரத்தை 'தூக்கில் போடு' என்று கத்தியவர்கள்தான் எப்போதும் கையில் எடுத்தார்கள். அதனால் துயரம் அவர்கள் சொத்து என்று நாமும் விட்டுவிட்டோம். 2008இல் பிரியங்கா காந்தி வேலூர் சிறையில் நளினியைச் சந்தித்தார். அது பெரிய மனசு. ஆனால் ஒரு குடும்பம் மன்னித்ததை எல்லார் வீட்டு மன்னிப்பாகவும் நாம் எழுதிக்கொண்டோம். மற்றவர்களை யாரும் கேட்கவே இல்லை.

நீதி கேட்பதற்கும் அழுவதற்கும் ஒரே நாக்கு போதாதா? இதற்கு எங்கள் ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. பெரிய புராணத்தின் பூசலார், திருநின்றவூர்க்காரர். கையில் காசில்லாமல் மனசுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டியவர். காஞ்சியில் பல்லவ ராஜா கட்டிய கற்கோயிலுக்கு அதே நாளில் குடமுழுக்கு. 'நாளைக்கு நான் நின்றவூரில் இருப்பேன், நீ தள்ளி வை' என்று ராஜாவின் கனவில் சிவன் சொல்கிறார். ராஜா வந்து தேடினால் ஊரில் அப்படி ஒரு கோயிலே இல்லை.

இந்தக் கதையைப் பக்திக் கதையாக எல்லாருக்கும் தெரியும். எழுத்து வேலையாகப் பாருங்கள். சேக்கிழார் 'மனதில் கட்டினார்' என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. பொருள் சேர்த்தது, தச்சரைத் தேடியது, அடித்தளம், சிகரம், சுதை வேலை, கிணறு, மதில், குளம் என்று மேஸ்திரி கணக்கு மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்கிறார். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நம்பவைக்க அதுதான் வழி.

ஸ்ரீபெரும்புதூரில் நினைவிடம் இருக்கிறது. தீர்ப்புகள் இருக்கின்றன, படங்கள் இருக்கின்றன. எல்லாம் ராஜா கட்டிய கற்கோயில்கள். அன்று இரவு வீடு திரும்பாதவர்களின் வீடுகளில் இத்தனை வருடமாக நாள்தோறும் உள்ளே என்ன கட்டப்பட்டது என்று தமிழில் எந்த நாவலாவது கல் கல்லாகச் சொன்னால், அதைத்தான் நான் முதலில் படிப்பேன். அதில் கொலையாளிகளின் விடுதலைக்கும் இடம் இருக்கும், அதை ஏற்க முடியாதவர்களின் கோபத்துக்கும் இடம் இருக்கும்.

எங்கள் ஊர் இருதயாலீஸ்வரர் கோயிலுக்கு நெஞ்சு நோய்க்காரர்கள் வேண்டிக்கொள்ள வருவார்கள். அம்மாவும் போவாள். எனக்கு நம்பிக்கை இல்லை, வாசல்வரை கூடப் போவேன். தொடர் பார்த்த மறுநாள் போய்விட்டுத் திரும்பும்போது, "அந்தப் புள்ளைக்கும் சேத்துதான் கும்புட்டேன்" என்றாள். அவள் பெயரை அதற்குள் நான் தேடிப் பார்த்து வைத்திருந்தேன். அம்மாவிடம் சொன்னேன்.