மாயச் சந்தையில் ஒரு மணவிழா

மறுமையின் இன்பத்தைப் புகழ முற்படும் புலவர்க்கு எளிய வழியொன்று உண்டு. இம்மையை இழித்துரைத்துவிட்டால் மறுமை தானே உயர்ந்து தோன்றும். ஆயின், எளிய வழி எப்போதும் நேரிய வழியாகிவிடாது. ஆங்கிலேயரான ஜான் பன்யன் 1678ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மோட்ச பிரயாணம்’ என்னும் நூலை இந்நோக்கில் ஆராய்தல் பயனுடைத்து. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) அதனைத் தழுவி எழுந்த காப்பியமாதலின், தமிழர்க்கும் அஃது அயல் நூலன்று.

பாவச்சுமை தாங்கிய கிறிஸ்தியான், அழிவின் நகரை விட்டு வானகர் நோக்கிச் செல்வதே கதை. வழியில் ஓரில்லத்தில் ஆசை, பொறுமை என்னும் இரு சிறுவரை அவன் காண்கிறான். ஆசை தனக்குரிய அனைத்தையும் இன்றே கேட்கிறான்; பொருட்பை கிடைக்கிறது; சிறிது நேரத்தில் அனைத்தும் கரைந்து கந்தலே எஞ்சுகிறது. பொறுமையோ காத்திருக்கிறான். இவ்வுலகைக் குறிக்கத் திருக்குர்ஆன் ஆளும் சொற்களுள் ‘ஆஜிலா’ என்பதும் ஒன்று. விரைந்து கிட்டுவது என்பது அதன் பொருள். அச்சொல்லின் விளக்கம் போலவே இக்காட்சி அமைந்திருக்கக் கண்டு நாம் வியக்கிறோம். இங்கே பன்யன் உலகைப் பழிக்கவில்லை, அவசரத்தையே பழிக்கிறார்.

மாயச் சந்தையில்தான் அவருடைய துலாக்கோல் சாய்கிறது. அங்கு விற்கப்படும் பண்டங்களின் பட்டியலில் பட்டமும் பதவியும் பொன்னும் முத்தும் உள்ளன, பரத்தையரும் உள்ளனர். அவர்களுக்கு அருகிலேயே மனைவியும் கணவனும் மக்களும் இடம்பெறுகின்றனர்! இறைவன் அருளிய இல்லறத்தை இழிந்த சரக்கோடு ஒரே கடையில் பரப்புவது தகுமா? நூலின் தொடக்கத்தில், மனைவி மக்கள் கூவி அழைக்க, செவிகளை விரலால் அடைத்துக்கொண்டு ஓடுகிறானே கிறிஸ்தியான், அவ்வோட்டத்தின் எதிரொலியே இது எனலாம்.

ஆயினும் பன்யன் அன்பறியாதவர் அல்லர். பழம்பாத்திரங்களைச் செப்பனிடும் தொழிலாளியான அவர், திருச்சபையின் அனுமதியின்றிச் சமயவுரை ஆற்றியதற்காக 1660இல் பெட்ஃபோர்டு நகரில் சிறையிடப்பட்டார். இனி உரையாற்றேன் என்று ஒரு சொல் கூறியிருப்பின் வீடு திரும்பியிருக்கலாம். கூறவில்லை; பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. சிறைக்குள் நாடாக்கள் செய்து குடும்பத்தைக் காத்தார். பார்வையற்ற மூத்த மகளை எண்ணி அவர் உருகியதை அவருடைய தன்வரலாறே கூறுகிறது. விலையறிந்து இழந்தவர் அவர். அவ்விழப்பின் வலியே பிள்ளைப் பாசத்தையும் சந்தைச் சரக்காகக் காணச் செய்தது போலும்.

இக்குறையை நிறைவு செய்வது 1684இல் வெளிவந்த இரண்டாம் பாகமாகும். கணவன் விட்டுச்சென்ற கிறிஸ்தியானாள், தன் நான்கு புதல்வருடன் அதே வழியில் புறப்படுகிறாள். இப்பயணத்தில் விருந்து உண்டு, இசை உண்டு, திருமணமும் உண்டு. அவ்விளைஞருள் இருவர்க்கு மணம் நிகழும் இடம் எது தெரியுமா? அதே மாயச் சந்தை நகரம்! அங்கு வாழும் நல்லார் ஒருவர் தம் புதல்வியர் இருவரை அவர்களுக்கு மணமுடித்துக் கொடுக்கிறார். முன்பு பண்டமாக எண்ணப்பட்ட இல்லறம், இங்கே பயணத்தின் துணையாகிறது. இறுதியில் தாய் ஆற்றைக் கடந்து வானகர் சேர்கிறாள். மக்களோ இக்கரையிலேயே தங்கிப் பெருகி வாழ்கின்றனர்.

முதற்பாகம் மட்டும் படித்தோர், கிறிஸ்தவர்தம் மறுமை நம்பிக்கை உலகை வெறுப்பதே என்று முடிவு கட்டக்கூடும். இரு பாகங்களையும் ஒருசேரப் படித்தால் அம்முடிவு நில்லாது. நம் முன்னோர் இம்மையை மறுமையின் விளைநிலம் என்றனர். நிலத்தை இகழ்ந்துவிட்டு விளைச்சலைப் புகழ எவர்க்கு இயலும்? பன்யன் முதற்பாகத்தில் நம்மை நிலத்தில் கால்வைக்க அஞ்சச் செய்கிறார். இரண்டாம் பாகத்தில் அதில் உழக் கற்பிக்கிறார். அதனால், இரண்டில் சிறந்தது இரண்டாவதே என்பது நம் துணிபு.