கல்லறை இல்லாதவர்களின் நாவல்

இரண்டாம் உலக யுத்தத்தைப் பொருளாகக் கொண்ட தமிழ் நாவல்கள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்றான, மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ (1993) நாவலை அண்மையில் மீண்டும் வாசித்தேன். கூடவே, அதே ரயில்பாதையைக் களமாகக் கொண்டு 2014இல் புக்கர் பரிசு பெற்ற, அவுஸ்திரேலியரான ரிச்சர்ட் ஃபிளனகனின் நாவலையும் வாசித்தேன்.

1942 ஜனவரி 14ஆம் திகதி, மலாயாவின் கெமாஸ் அருகே சைக்கிளில் வந்த யப்பானியரை அவுஸ்திரேலியப் படையினர் பதுங்கியிருந்து தாக்கினர். காட்டுப் போர் என்று பேசப்படும் அந்தச் சண்டைகளில் பல றப்பர் தோட்டங்களின் ஊடாகவே நடந்தன. சிப்பாய்க்கு மறைவிடமாக இருந்த மரம், அங்கிருந்த தமிழனுக்குப் பால்வெட்டும் மரம்.

பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏறத்தாழ 15,000 அவுஸ்திரேலியர் கைதாயினர். பின்னர் 415 கிலோமீற்றர் நீளமான சயாம் - பர்மா ரயில்பாதை வேலையில் ஈடுபடுத்தப்பட்ட சுமார் 13,000 அவுஸ்திரேலியருள் 2,800 பேரளவில் மடிந்தனர். அதே வேலைக்குத் தோட்டங்களிலிருந்து தமிழரும் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கு இறந்த ஆசியத் தொழிலாளர் தொகை 90,000 வரை இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. காஞ்சனபுரி மயானத்தில் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல் உண்டு. தொழிலாளிக்கு அது கிடைக்கவில்லை.

இரு நாவல்களுக்குமான வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. கைதிகளுக்குள் அதிகாரி இருந்தார், வைத்தியர் இருந்தார், நாட்குறிப்பு இருந்தது. ஃபிளனகனின் தந்தையே அப்பாதையில் உழைத்த கைதி. ஆதலால் நடந்ததை நிறுவும் சுமை அவருக்கு இல்லை. நேரே மனச்சாட்சிக்குள் இறங்குகிறார். ஆசியத் தொழிலாளரோ அவர் நாவலின் ஓரத்திலேயே நிற்கின்றனர்.

சண்முகம் முதலில் ‘இது நடந்தது’ என்று சொல்ல வேண்டியிருந்தது. அதனால் பாத்திரங்கள் சில இடங்களில் தகவலைச் சுமக்கும் கூலிகளாகிவிடுகின்றன. இதை நான் குறையாகவே கொள்கிறேன். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972) காட்டும் மன ஆழம் இதில் இல்லை. ஆனால் சிங்காரத்தின் உலகம் வணிகரும் கடைச் சிப்பந்திகளும் இந்திய தேசிய இராணுவத்தினரும் நிறைந்தது. தோட்டத் தொழிலாளியை நடுவில் நிறுத்தியவர் சண்முகம். ஆவணம் செய்திருக்க வேண்டிய வேலையையும் அவருடைய நாவலே செய்தது. அவ்வகையில் அது ஒரு நடுகல்.

இதை எழுதும்போது எமது கடலையும் நினைக்கிறேன். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலையும் வம்பயர் என்ற அவுஸ்திரேலியப் போர்க்கப்பலையும் யப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களின் பெயர்கள் நினைவுத்தூண்களில் உள்ளன. கரையில் நின்று பார்த்த எம்மவர் என்ன கண்டார்கள்? “கப்பல் எரிஞ்ச அண்டைக்கு ஒருத்தரும் வலை இழுக்கல்ல” என்று எங்கள் மூத்தம்மா சொன்ன ஒரு வசனமே என்னிடம் மிச்சம். மேலே கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவர் மௌத்தாகிவிட்டார்.

அன்று பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறு கடந்துவிட்டது. சண்முகத்தின் கலைக்குறைகளைப் பட்டியலிடும் நாம், நமது வாவிக்கரையில் இன்னும் கதை சொல்லக்கூடியவர் வீட்டுக்கு முதலில் போய்வர வேண்டும்.