லெஜாந்தரின் கோவைகள்

மாட்டுங்காவில் 1923 முதல் இயங்கிவரும், இன்று வீரமாதா ஜீஜாபாயின் திருநாமம் தாங்கிய தொழில்நுட்பக் கழகத்திலே பயிலும் மாணவருக்கு, கோளங்களின் ஆகர்ஷணத்தை ஆராயும் பொருட்டு 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித மேதை லெஜாந்தர் கண்ட பல்லுறுப்புக்கோவைகள் இப்போது ஒரே வரியில் சித்திக்கின்றன. ஏனெனில் சி பிளஸ் பிளஸ் மொழியின் 2017ஆம் ஆண்டுத் தரநிலை, எர்மீத், லகேர் ஆகியோரின் கோவைகளோடு இவற்றையும் தன் நூலகத்திலேயே பிரதிஷ்டை செய்துவிட்டது.

ஆயினும் என் மனத்தைக் கவர்வது அந்த வேகமன்று. அடுத்தடுத்த இரு கோவைகளிலிருந்தே மூன்றாவதைப் பிறப்பிக்கும் விதியின் சௌந்தரியமே. மாறியின் மதிப்பு 0.5 எனில், முதற்படிக் கோவை 0.5, இரண்டாம்படிக் கோவை −0.125, பின்னதை 5 ஆலும் 0.5 ஆலும் பெருக்கி, முன்னதன் இருமடங்கைக் கழித்து, 3 ஆல் வகுத்தால், மூன்றாம்படிக்கு −0.4375 கிடைக்கிறது. அதே விதியால் நான்காம்படி −0.2890625 ஆகிறது.