தீர்ப்பு செய்த வேலை, லாபம் பெற்ற பெயர்

சுற்றுச்சூழலைப் பேணும் நிறுவனத்துக்கு லாபம் தானே வரும் என்று பேசும் தொழில் மேடைகளில் சில ஆண்டுகளாகத் திருப்பூர் தவறாமல் இடம்பெறுகிறது. சாயக்கழிவு நீரில் 90 சதவீதத்துக்குமேல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஊர், ஒரு சொட்டையும் வெளியே விடாத தொழில்நுட்பம், காற்றாலை மின்சாரம், ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதி. இந்த நான்கும் திரையில் அடுத்தடுத்து வரும்போது, முதல் மூன்றின் பலன்தான் நான்காவது என்று கேட்பவர் தாமே முடிவு கட்டிக்கொள்வார். பேசுபவர் அதை வாய்விட்டுச் சொல்லக்கூட வேண்டியதில்லை.

அந்த முடிவு தவறு என்பதே என் கட்சி. அதைவிட, அது ஆபத்தானது.

லாபக் கட்சிக்கு உரியதை முதலில் கொடுத்துவிடலாம். மாசைத் தடுத்தால் பணம் மிஞ்சும் என்று அமெரிக்காவின் 3எம் நிறுவனம் 1975இல் தொடங்கிய திட்டம் உண்மையாகவே பணத்தை மிச்சப்படுத்தியது. கம்பளம் செய்யும் இன்டர்ஃபேஸ் நிறுவனத்தின் ரே ஆண்டர்சன் 1994க்குப் பிறகு கழிவைக் குறைத்துக்கொண்டே வியாபாரத்தையும் நடத்திக் காட்டினார். திருப்பூரிலும் குறைந்த நீரில் சாயமேற்றும் சாஃப்ட் ஃப்ளோ மெஷின் நீரையும் வெந்நீருக்கான எரிபொருளையும் குறைக்கிறது. கழிவிலிருந்து மீட்கும் சோடியம் சல்ஃபேட் மறுபடி சாயத்தொட்டிக்கே போகிறது. காற்றாலை மின்கட்டணத்தைக் குறைக்கிறது. வீணாவதைத் தடுத்தால் காசு மிஞ்சும் என்பதை எந்த முதலாளிக்கும் யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அங்கே எனக்கு வழக்கில்லை.

வழக்கு நொய்யல் ஆற்றைப் பற்றியது. 1990களில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்கு லாபம் எங்கிருந்து வந்தது? பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். நிறம் அடர்ந்தால் உப்பும் கூடும். துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும், உப்பை எடுத்துக்கொள்ளாது. போட்ட உப்பு முழுவதும் நீரோடு வெளியேறியாக வேண்டும். அதை ஆற்றில் விடுவதற்கு அன்று யாரும் காசு கேட்கவில்லை. பட்டறைக்காரர்கள் பொல்லாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒருவர் மட்டும் கழிவைச் சுத்திகரித்திருந்தால் அவருடைய கிலோ ரேட் ஏறியிருக்கும். பக்கத்துப் பட்டறை குறைந்த ரேட்டுக்கு அதே துணியை ஓட்டிக் கொடுத்திருக்கும். லாபக் கணக்கு தெரிந்தவர்கள் என்பதால்தான் அவர்கள் சுத்திகரிக்கவில்லை.

விலையைக் கொடுத்தது கீழே இருந்தவர்கள். சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று கட்டிய அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவின் தேக்கமானது. தண்ணீர் திறக்கச் சொல்லி விவசாயிகள் போராடுவதைத் தமிழ்நாடு பலமுறை பார்த்திருக்கிறது. அணையைத் திறக்காதே என்று விவசாயிகள் போராடியது இங்கேதான். பாதிப்பைக் கணக்கிட்ட ஆணையம் 68 கிராமங்களில் 28,596 பேருக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் இழப்பீடு என்றது. சராசரி பார்த்தால் தலைக்கு 9,000 ரூபாய்கூட இல்லை. உப்பேறிய கிணற்றுக்கும் காய்ந்த தென்னைக்கும் அதுதான் மதிப்பு.

இனி, எது திருப்பூரை மாற்றியது? நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில், கழிவை வெளியே விடும் பட்டறைகள் லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி மாதாமாதம் ஏறி 10 பைசா வரை தண்டம் கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. பட்டறைக்காரர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று 2009இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அதற்குப் பிறகும் கழிவு ஓடியது. 2011 ஜனவரி 28ஆம் தேதி உயர் நீதிமன்றம் எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடச் சொன்னது. 700க்கும் மேற்பட்டவை மூடப்பட்டன. கழிவைத் துளியும் வெளியே விடாத நிலையை எட்டினால்தான் திறக்கலாம் என்பது நிபந்தனை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அந்த நிலையை எட்டத் தமிழக அரசு 200 கோடி ரூபாயை வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தது. அதாவது வரி கட்டியவர்களின் பணமும் இதில் இருக்கிறது.

இந்த வரலாற்றில் லாபம் எங்கே வருகிறது? பல ஆண்டு வழக்கு, ஒரு தண்டம், ஒரு பூட்டு, ஒரு கடன். பூட்டுத்தான் வேலை செய்தது. சாவி திரும்பக் கைக்கு வந்த பிறகு பிழைப்பதற்காகச் செய்துகொண்ட ஏற்பாட்டுக்கு, தொலைநோக்கு என்று இப்போது பெயர் சூட்டுகிறார்கள்.

லாபக் கட்சிக்காரர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டும் அறிஞர் ஹார்வர்டின் மைக்கேல் போர்ட்டர். அவரும் கிளாஸ் வான் டெர் லிண்டேயும் 1995இல் எழுதிய கட்டுரையைத்தான் பசுமை லாபத்தின் மூலநூல்போலப் பேசுகிறார்கள். அந்தக் கட்டுரையின் மையவாதம், நன்றாக வகுத்த கடுமையான விதிகள் நிறுவனங்களைப் புதிய வழிகள் தேட வைக்கும், அந்தத் தேடல் விதிக்கான செலவை ஈடுகட்டக்கூடும் என்பது. முதலில் விதி, லாபம் பிறகு, அதுவும் வந்தால். மேடையில் பேசுபவர்கள் விதியை உதிர்த்துவிட்டு லாபத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கட்டுரையைப் படித்தவர்கள் எத்தனை பேரோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

அந்த ஈடுகட்டலும் திருப்பூரில் முழுமையாக நடக்கவில்லை. கழிவு நீரை உயிரியல் முறையில் சுத்தம் செய்து, நிறம் நீக்கி, ஆர்ஓவில் வடிகட்டினால் நல்ல நீர் கிடைக்கும். அதுவரை கணக்கு ஓரளவு தாங்கும். எஞ்சும் அடர்ந்த உப்புநீரைக் கொதிக்க வைத்து வற்றவைக்க வேண்டும். அங்கேதான் மின்சாரமும் விறகும் பணமும் எரிகின்றன. வற்றிய பின் தூய உப்பு ஒரு பகுதி கிடைக்கிறது. பிரிக்க முடியாத கலவை உப்பு மிச்சமாகி, எதற்கும் ஆகாமல் சுத்திகரிப்பு நிலையத்துக் கூரைக்குக் கீழே மூட்டை மூட்டையாகச் சேர்கிறது. ஆற்றைக் காப்பாற்றக் காற்றில் புகை விடுகிறோம் என்பதையும் அந்தத் திரையில் யாரும் காட்டுவதில்லை.

இந்தச் செலவெல்லாம் சாயக்கூலியில் ஏறுகிறது. ஏறிய கூலியைப் பனியன் கம்பெனி பையரிடம் கேட்டால், பங்களாதேஷ் ரேட்டைச் சொல்லி வாயை அடைப்பார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது, பல அமெரிக்க பையர்கள் வரிச்சுமையில் பங்குகேட்டு விலைக் குறைப்புக்கு வந்து நின்றது இதே ஏற்றுமதியாளர்களிடம். நியூயார்க்கிலும் லண்டனிலும் தொங்கும் சட்டையில் பச்சை இலை அச்சிட்ட அட்டை இருக்கிறது. அந்த அட்டை சொல்லும் நற்செயலைச் செய்தவர் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட்டிக் கேட்டுக் கிடைக்காமல் நிற்கும் ஜாப் ஒர்க் சாயப்பட்டறைக்காரர். கல்யாணச் செலவு பெண் வீட்டாருடையது, மொய்ப் பணம் மாப்பிள்ளை வீட்டாருடையது என்கிற கதைதான். பசுமையில் லாபம் உண்டு என்பது உண்மைதான், அட்டை ஒட்டுபவருக்கு.

லாபம் தானே இழுக்கும் என்றால் மற்ற ஊர்களும் இழுபட்டிருக்க வேண்டும். 2015இல் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் நாடு முழுவதும் பெரிய சாயத் தொழிற்சாலைகள் கழிவு வெளியேற்றாத முறைக்கு மாற வேண்டும் என்று வரைவு விதி வெளியிட்டது. 2016இல் வந்த இறுதி விதியில் அந்தப் பொதுக் கட்டாயம் இல்லை. திருப்பூர் முறை அவ்வளவு லாபகரமானதாக இருந்திருந்தால், கட்டாயம் இல்லாமலே லூதியானாவும் சூரத்தும் ஓடிவந்து அதைப் பின்பற்றியிருக்குமே. எல்லா ஊருக்கும் ஒரே விதி வை என்று கேட்டது திருப்பூர்க்காரர்கள். லாபம் தரும் ரகசியத்தைப் போட்டியாளருக்கும் கட்டாயமாக்கு என்று உலகத்தில் எந்த வியாபாரி கேட்பார்?

ஆபத்து என்று சொன்னேனே, அது இதுதான். லாபத்தைக் காரணமாக வைத்து ஒரு ஆற்றைக் காப்பவர், லாபம் திசைமாறும் நாளில் அதைக் கைவிடவும் அதே காரணத்தைச் சொல்லலாம். பிபி எண்ணெய் நிறுவனம் 2020இல், பத்து ஆண்டுகளில் தன் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 40 சதவீதம் குறைப்பதாக உறுதி சொன்னது. 2023இல் அது 25 சதவீதமானது. 2025 பிப்ரவரியில் அந்த இலக்கையே விட்டுவிட்டு எண்ணெய், எரிவாயுவுக்கான முதலீட்டைக் கூட்டியது. பங்குதாரர்களின் பார்வையில் அது துரோகமே அல்ல, கடமை. 2020இலும் லாபம்தான் பேசியது, 2025இலும் லாபம்தான் பேசியது. பசுமை லாபக் கட்சியால் இதற்கு ஒரு கண்டனம்கூடச் சொல்ல முடியாது, ஏனென்றால் கண்டிப்பதற்கான மொழியை அது ஏற்கெனவே விட்டுக்கொடுத்துவிட்டது.

அந்தப் பேச்சைக் கேட்கும் அதிகாரி என்ன புரிந்துகொள்வார் என்பதையும் யோசிக்க வேண்டும். நல்லது செய்தால் லாபம் வரும், ஆகவே நிறுவனங்கள் தாமே செய்யும், ஆகவே மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் கொஞ்சம் தள்ளி நிற்கலாம். தன்னார்வ உறுதிமொழி போதும், சோதனை வேண்டாம். இரவில் ரகசியமாக ஓடும் பட்டறைகளைக் கண்டுபிடித்து மின் இணைப்பைத் துண்டிப்பது இன்றும் திருப்பூரில் செய்தியாகிக்கொண்டிருக்கிறது. லாபம் வழிகாட்டுகிறது என்றால், இந்தப் பட்டறைகளுக்கு வழிகாட்டுவதும் அதுதான்.

பசுமை வியாபாரத்தில் அக்கறை உள்ளவர்களிடம் இரண்டு கோரிக்கைகள். திருப்பூரிலிருந்து துணி வாங்கும் பிராண்டுகள், சுத்திகரிப்புச் செலவை ஆர்டரின் விலைப் பட்டியலில் தனி வரியாகக் காட்டி, பேரத்துக்கு வெளியே வைத்துக் கொடுக்கட்டும். கொடுக்காத பிராண்டு சட்டையில் பச்சை அட்டை தொங்கவிட வேண்டாம். 2016இல் கைவிட்ட விதியை மத்திய அரசு எல்லா மாநிலச் சாயப்பட்டறைகளுக்கும் கொண்டுவரட்டும். அதுவரை, மேடையில் திருப்பூரைப் புகழ்பவர்கள் அந்தத் திரையில் ஐந்தாவதாக 2011 ஜனவரி 28 என்ற தேதியையும் போட வேண்டும்.